பயோமாஸ் பைரோலிசிஸ்: வினைவேகக் கணக்கை முதன்முறை போடுகிறவர்களுக்கு

சூடாக்கச் சூடாக்க எடை எப்படிக் குறைகிறது என்று அளக்கும் டிஜிஏ கருவியிலிருந்து ஒரு எக்செல் கோப்பு வந்திருக்கும். ஒரு பத்தியில் நேரம், அடுத்ததில் வெப்பநிலை, அதற்கடுத்ததில் எடை. "இதிலிருந்து கிளர்வு ஆற்றலை எடுத்துக் கொடு" என்று நெறியாளர் சொல்லியிருப்பார். அன்று மாலைக்குள்ளேயே ஏதாவது ஒரு எண் கைக்கு வந்துவிடும். அந்த எண்ணை நம்பலாமா என்று தெரிந்துகொள்ளத்தான் வாரக்கணக்கில் ஆகும். நான் முதன்முறை இதைச் செய்தபோது யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று பிற்பாடு தோன்றியவற்றை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

கணக்குக்கு முன்னால் கொஞ்சம் வேதியியல்

மரத்தூளையோ உமியையோ கொட்டாங்குச்சியையோ காற்றுப் படாமல் சூடாக்கினால் அது எரியாது, சிதையும். வாயுவும் தார் ஆவியும் வெளியேறி, கரி மிஞ்சும். இதுதான் பைரோலிசிஸ். தாவரப் பொருளில் மூன்று பெரிய பங்காளிகள் உண்டு. ஹெமிசெல்லுலோஸ் ஏறத்தாழ 220 முதல் 315 டிகிரி செல்சியஸுக்குள் சிதைகிறது. செல்லுலோஸ் 315 முதல் 400 வரை, அதுவும் சட்டென்று. லிக்னினுக்கு அவசரமே கிடையாது. 160-இல் மெல்லத் தொடங்கி 900 வரை இழுத்துக்கொண்டே போகும். டிடிஜி வளைகோட்டில், அதாவது எடை இழப்பு வேகத்தின் வரைபடத்தில், செல்லுலோஸ் ஒரு கூர்மையான சிகரமாகவும், ஹெமிசெல்லுலோஸ் அதன் இடப்பக்கத்தில் ஒரு தோளாகவும், லிக்னின் நீண்ட வாலாகவும் தெரிவது இதனால்தான்.

சமன்பாடு பள்ளியில் படித்த அர்ஹீனியஸ்தான்:

வேக மாறிலி = அதிர்வெண் காரணி × எக்ஸ்ப் (− கிளர்வு ஆற்றல் ÷ (8.314 × வெப்பநிலை))

இங்கே வெப்பநிலை கெல்வினில், ஆற்றல் ஜூல்/மோலில். எவ்வளவு சிதைந்தது என்பதை 0 முதல் 1 வரை ஒரு எண்ணாக எழுதி, அதை 'மாற்றம்' என்று வைத்துக்கொள்வோம். முதல் வகை வினை என்றால், மாற்றத்தின் வேகம் = வேக மாறிலி × (1 − மாற்றம்).

இந்த எண்களின் கனம் புரிய ஒரு உதாரணம் பார்க்கலாம். 1999-இல் குரோன்லி, ஆண்டல், வார்ஹெகி ஆகிய மூவரும் ஒரு ஒப்பீட்டு ஆய்வை வெளியிட்டார்கள். எட்டு ஐரோப்பிய ஆய்வகங்கள் ஒரே வகைச் செல்லுலோஸ் தூளைத் தத்தம் கருவிகளில் ஓட்டிப் பார்த்த ஆய்வு அது. கிளர்வு ஆற்றல் சராசரியாக 244 கிலோஜூல்/மோல் வந்தது. அதிர்வெண் காரணியை நொடிக்கு 10¹⁹ என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 250 டிகிரியில் வினைக்கான கால அளவு (1 ÷ வேக மாறிலி) 64 மணி நேரம். 300 டிகிரியில் அரை மணி நேரம். 350-இல் அரை நிமிடம். நூறு டிகிரிக்குள் இரண்டரை நாள் அரை நிமிடமாகச் சுருங்குகிறது. வெப்பநிலையை அளப்பதில் நாம் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே போதும்.

முதல் படி: மாதிரியும் கருவியும்

பொருளை அரைத்துச் சலித்து, 100 மைக்ரோமீட்டர் அளவிலோ அதற்குக் கீழோ வைத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தில் 2 முதல் 5 மில்லிகிராம் போதும். அதைக் குவித்து வைக்காமல் அடியில் மெல்லிய படலமாகப் பரப்புங்கள். "பத்து மில்லிகிராம் போட்டால் சிக்னல் நன்றாக இருக்குமே" என்று தோன்றும். சிக்னல் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் மாதிரியின் உள்ளே இருக்கும் வெப்பநிலை வெப்பமானி காட்டுவதைவிடப் பின்தங்கிவிடும். செல்லுலோஸ் சிதையும்போது வெப்பத்தை உறிஞ்சுகிறது என்பதால் இந்தப் பின்தங்கல் சரியாகச் சிகரத்தருகில்தான் அதிகமாகும்.

நைட்ரஜனைச் செலுத்திவிட்டு, சூடாக்கத் தொடங்குமுன் குறைந்தது அரை மணி நேரமாவது காத்திருங்கள். ஓட்டம் முடிந்தபின் உயர்ந்த வெப்பநிலையில் எடை ஒரு மட்டத்துக்கு வராமல் சரிந்துகொண்டே போனால், எங்கோ காற்று கசிந்து கரியை எரிக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். அந்தத் தரவைச் சரிசெய்ய முடியாது. ஒதுக்கிவிட்டு மறுபடி ஓட்டுவதுதான் வழி.

வெற்றுக் கிண்ணத்தை அதே நிரலில் ஒரு முறை ஓட்டி, அந்த அடிக்கோட்டைக் கழித்துவிட வேண்டும். வாயுவின் மிதப்பு விசையால் வெறும் கிண்ணமே எடை மாறுவதுபோலக் காட்டும். 3 மில்லிகிராம் மாதிரிக்கு அது சின்ன விஷயமல்ல. வெப்பநிலையைச் சரிபார்க்க நிக்கல் கம்பி இருந்தால் நல்லது. அது காந்தத்தன்மையை இழக்கும் கியூரி வெப்பநிலை ஏறத்தாழ 355 டிகிரி, நமக்கு வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தராசைச் சரிபார்க்கக் கால்சியம் ஆக்சலேட் மோனோஹைட்ரேட்: சூடாக்கும்போது முதலில் வெளியேறும் நீர் எடையில் 12.3 சதவீதம், பிறகு கார்பன் மோனாக்சைடு 19.2, கடைசியில் கார்பன் டைஆக்சைடு 30.1. இவை சரியாக வந்தால் தராசை நம்பலாம்.

இரண்டாம் படி: பல வேகங்களில் ஓட்டுங்கள்

நிமிடத்துக்கு 5, 10, 20, 40 கெல்வின் என நான்கு சூடாக்கும் வேகங்கள் எடுத்துக்கொள்ளலாம். குறைந்தது மூன்று கட்டாயம். ஒவ்வொன்றையும் இரண்டு முறை ஓட்டுங்கள். பன்னாட்டு வெப்பப் பகுப்பாய்வுக் கூட்டமைப்பான ஐசிடேக்கின் வேகவியல் குழு 2011-இல் வெளியிட்ட பரிந்துரைகளும் பல வேகங்களில் எடுத்த தரவைத்தான் வலியுறுத்துகின்றன.

ஏன் ஒரே வேகம் போதாது? என் முதல் கணக்கே இந்தத் தப்புதான். கையில் ஒரே ஒரு ஓட்டம் இருந்தது. ஒற்றை ஓட்டத்திலிருந்தே கிளர்வு ஆற்றலை எடுக்கும் கோட்ஸ்–ரெட்ஃபெர்ன் முறையில் கோடு போட்டேன். பொருத்தத்தைக் காட்டும் ஆர் ஸ்கொயர் 0.99-ஐத் தாண்டியது. சந்தோஷமாக இருந்தது. பக்கத்து இருக்கை நண்பர் அதே தரவுக்கு வேறு வினை மாதிரியை, அதாவது மாற்றம் கூடக் கூட வேகம் எப்படி மாறும் என்பதற்கான வேறு சமன்பாட்டை, போட்டார். அவருக்கும் 0.99. அவருடைய கிளர்வு ஆற்றல் என்னுடையதில் பாதி.

இது தற்செயல் அல்ல. 244 கிலோஜூல் கொண்ட, துல்லியமான முதல் வகை வினை ஒன்றின் வளைகோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முதல் வகை மாதிரியைப் போட்டால் 244 வரும். அவ்ராமி என்ற இன்னொரு வகை வினை மாதிரிகளில் இரண்டாவதைப் போட்டால் சுமார் 117 வரும். மூன்றாம் அவ்ராமி மாதிரிக்குச் சுமார் 75. மூன்றிலும் கோடு கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு நேராகத்தான் இருக்கும். ஒரே தரவு, மூன்று பதில், மூன்றுக்கும் நல்ல ஆர் ஸ்கொயர். எந்த மாதிரி சரி என்று அந்த ஒற்றை வளைகோடு சொல்லவே சொல்லாது. ஆய்வுக் கட்டுரைகளில் ஒரே பொருளுக்கு 70-உம் 240-உம் மாறி மாறித் தென்பட்டால், முதலில் எத்தனை வேகங்களில் ஓட்டினார்கள் என்று பாருங்கள்.

மூன்றாம் படி: தரவைச் சீராக்குதல்

110 டிகிரியில் சற்று நிறுத்தி ஈரத்தை வெளியேற்றிய பிறகு இருக்கும் எடையே தொடக்க எடை. முடிவு எடைக்கு எல்லா ஓட்டங்களிலும் ஒரே வெப்பநிலையைத் தேர்ந்தெடுங்கள், உதாரணமாக 600 டிகிரி. மாற்றம் = (தொடக்க எடை − இப்போதைய எடை) ÷ (தொடக்க எடை − முடிவு எடை). ஒரு ஓட்டத்துக்கு 600, இன்னொன்றுக்கு 800 என்று எடுத்தால் எல்லாமே கோணலாகிவிடும்.

வினை வேகத்தைக் கண்டுபிடிக்க வகைக்கெழு எடுக்கும்போது இரைச்சல் பெருகும், அதனால் கொஞ்சம் மென்மையாக்கலாம். சிகரத்தின் உயரம் குறையத் தொடங்கினால் மிதமிஞ்சிவிட்டது என்று பொருள். நேரத்தை நொடியாகவும் வெப்பநிலையைக் கெல்வினாகவும் இப்போதே மாற்றிவிடுங்கள். அதிர்வெண் காரணி 60 மடங்கு தவறாக வந்தால் காரணம் நிமிடமும் நொடியும் கலந்ததாகத்தான் இருக்கும்.

நான்காம் படி: பதில் தெரிந்த கணக்கை முதலில் போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். உங்கள் தரவைத் தொடுமுன், நீங்களே ஒரு பொய்த் தரவை உருவாக்குங்கள். பதில் உங்களுக்கு முன்பே தெரியும்: 244 கிலோஜூல், 10¹⁹, முதல் வகை. உங்கள் எக்செல் தாளோ பைத்தான் நிரலோ அந்தப் பதிலைத் திருப்பித் தருகிறதா என்று பாருங்கள்.

எக்செலில் எளிய வழி: 200 டிகிரியில் தொடங்கி வரிசைக்கு 0.1 கெல்வின் கூட்டிக்கொண்டே போங்கள். நிமிடத்துக்கு 10 கெல்வின் வேகத்தில் ஒவ்வொரு வரிசையும் 0.6 நொடி. ஒவ்வொரு வரிசையிலும் வேக மாறிலியைக் கணக்கிட்டு, (1 − மாற்றம்) ஆல் பெருக்கி, 0.6 ஆல் பெருக்கி, முந்தைய மாற்றத்தோடு கூட்டுங்கள். 400 டிகிரியில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேலே போனால் வேக மாறிலி மிகப் பெரிதாகி இந்த எளிய முறை நிலைகுலைந்து எண்கள் குதிக்க ஆரம்பிக்கும். பைத்தானில் சைபை நூலகத்தின் சமன்பாட்டுத் தீர்ப்பான் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை, விறைப்பான (ஸ்டிஃப்) சமன்பாடுகளுக்கான முறையைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

சிகரங்கள் இந்த இடங்களில் வர வேண்டும்:

நிமிடத்துக்கு 5 கெல்வின்: 602.0 கெல்வின்
நிமிடத்துக்கு 10 கெல்வின்: 610.4 கெல்வின்
நிமிடத்துக்கு 20 கெல்வின்: 618.9 கெல்வின்
நிமிடத்துக்கு 40 கெல்வின்: 627.7 கெல்வின்

இப்போது கிஸ்ஸிஞ்சர் 1957-இல் தந்த முறை. சூடாக்கும் வேகத்தை (நொடிக்குக் கெல்வினில்) சிகர வெப்பநிலையின் வர்க்கத்தால் வகுத்து, இயற்கை மடக்கை எடுங்கள். அதை நிலை அச்சிலும், 1 ÷ சிகர வெப்பநிலையைக் கிடை அச்சிலும் போடுங்கள். 5 கெல்வினுக்கு மடக்கை −15.286, 40 கெல்வினுக்கு −13.290. கோட்டின் சாய்வு −29,350 அருகில் வரும். அதன் குறியை மாற்றி 8.314 ஆல் பெருக்கினால் 244 கிலோஜூல். வெட்டுத்துண்டு 33.46, அதன் எக்ஸ்ப்பை 29,350 ஆல் பெருக்கினால் 10¹⁹ திரும்பக் கிடைக்கும். கிடைத்ததா? சரி, உங்கள் தாள் வேலை செய்கிறது.

இதே பொய்த் தரவோடு இன்னொன்றும் செய்து பாருங்கள். சூடாக்கும் வேகம் இரட்டிப்பாகும்போது சிகரம் எட்டரை கெல்வின்தான் நகர்கிறது என்பதைக் கவனியுங்கள். 40 கெல்வின் ஓட்டத்தில் மட்டும் மாதிரி 5 கெல்வின் பின்தங்கியது என்று வைத்து, 627.7-க்குப் பதில் 632.7 போடுங்கள். 5, 40 ஆகிய இரண்டு புள்ளிகளை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் கிளர்வு ஆற்றல் 244-இலிருந்து 204-க்கு இறங்கிவிடுகிறது! ஐந்து டிகிரி பிழைக்கு நாற்பது கிலோஜூல். 2 முதல் 5 மில்லிகிராம் போதும் என்று முதல் படியில் ஏன் வற்புறுத்தினேன் என்று இப்போது புரியும்.

ஐந்தாம் படி: மாற்றத்துக்கு மாற்றம் ஆற்றலைப் பாருங்கள்

கிஸ்ஸிஞ்சர் ஒரு சிகரத்துக்கு ஒரு எண்தான் தருகிறார். மரத்தில் மூன்று பங்காளிகள் இருப்பதால், மாற்றம் 0.1, 0.15, 0.2 என 0.9 வரை ஒவ்வொரு நிலையிலும் தனித்தனியே கிளர்வு ஆற்றலைக் கணக்கிட வேண்டும். 'சம மாற்ற முறை' என்கிறோம். ஃப்ரீட்மேன் 1964-இல் தந்த வடிவம் நேரடியானது: ஒரே மாற்றத்தில், வெவ்வேறு சூடாக்கும் வேகங்களில், வினை வேகத்தின் மடக்கையை 1 ÷ வெப்பநிலைக்கு எதிரே போடுங்கள், சாய்விலிருந்து ஆற்றல். எந்த வினை மாதிரியையும் ஊகிக்கத் தேவையில்லை. குறை ஒன்றுதான், வகைக்கெழுவின் இரைச்சல் அப்படியே உள்ளே வரும். கிஸ்ஸிஞ்சர்–அகஹிரா–சுனோசே முறையில் வகைக்கெழு வேண்டாம். கிஸ்ஸிஞ்சரின் அதே வரைபடம்தான், சிகர வெப்பநிலைக்குப் பதிலாக அந்தந்த மாற்றத்தின் வெப்பநிலை. இரண்டையும் போட்டு ஒப்பிடுங்கள். ஓசாவா–ஃப்ளின்–வால் முறை பல கட்டுரைகளில் இருக்கும். அதன் தோராயம் முரடானது, நான் பயன்படுத்துவதில்லை.

கிடைத்த ஆற்றல்களில் மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் உள்ள வித்தியாசம் சராசரியில் 10–20 சதவீதத்துக்குள் இருந்தால் ஒற்றை வினையாக நடத்தலாம். தூய செல்லுலோஸுக்கு இது பெரும்பாலும் பொருந்தும். மரத்துக்கும் உமிக்கும் பொருந்துவது அரிது. மாற்றம் 0.85-ஐத் தாண்டியபின் ஆற்றல் திடீரென்று 300, 400 என்று ஏறினால் அதற்கு வேதியியல் விளக்கம் தேடி அலையாதீர்கள். லிக்னின் வாலில் வெவ்வேறு வேகங்களின் வளைகோடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும், அங்கே சாய்வுக்கே அர்த்தம் குறைவு.

ஆறாம் படி: மூன்று இணை வினைகள்

மரத்துக்கான மாதிரியை மூன்று தனித்தனி வினைகளின் கூட்டலாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளர்வு ஆற்றல், ஒரு அதிர்வெண் காரணி, ஒரு பங்கு. தேடலைத் தொடங்க நல்ல எண்கள் உண்டு: குரோன்லி, வார்ஹெகி, டி பிளாசி ஆகியோர் 2002-இல் பல மரங்களுக்கு ஹெமிசெல்லுலோஸ் 100, செல்லுலோஸ் 236, லிக்னின் 46 கிலோஜூல்/மோல் என்று பொருத்தினார்கள். லிக்னினின் 46-ஐப் பார்த்து அதில் பலவீனமான பிணைப்புகள்தான் இருக்கின்றன என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பல வினைகள் அகலமாகப் பரவிக் கிடப்பதை ஒரே வினையாக நடித்துக் காட்டும்போது ஆற்றல் இப்படித் தாழ்ந்துவிடும். அதை நேர்மையாகக் கையாள விரும்புகிறவர்கள் கிளர்வு ஆற்றலை ஒற்றை எண்ணாக வைக்காமல் ஒரு பரவலாக வைக்கும் மாதிரிக்குப் போகிறார்கள். முதல் முயற்சிக்கு அது வேண்டியதில்லை.

பொருத்தும்போது இரண்டு விஷயம். எல்லா வேகங்களின் தரவையும் ஒரே நேரத்தில், ஒரே எண்களோடு பொருத்த வேண்டும். வேகத்துக்கு ஒரு ஆற்றல் என்று வந்தால் அது மாதிரியே அல்ல. அடுத்தது, கிளர்வு ஆற்றலும் அதிர்வெண் காரணியின் மடக்கையும் ஒட்டிப் பிறந்தவை. ஒன்று கூடினால் மற்றது கூடி, வளைகோடு கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கும். தேடும் நிரல் இந்தப் பள்ளத்தாக்கில் வழி தெரியாமல் அலையும். அதற்குத் தீர்வு: அதிர்வெண் காரணிக்குப் பதிலாக, சிகரத்துக்கு அருகில் ஒரு வெப்பநிலையில், உதாரணமாக 600 கெல்வினில், வேக மாறிலி எவ்வளவு என்பதைத் தெரியா எண்ணாக வையுங்கள். தேடல் உடனே சீராகும். கடைசியில் அதிர்வெண் காரணிக்கு மாற்றிக்கொள்ளலாம். இதே காரணத்தால், ஒரு கட்டுரையிலிருந்து ஆற்றலையும் இன்னொன்றிலிருந்து அதிர்வெண் காரணியையும் எடுத்துச் சேர்க்கவே கூடாது.

பொருத்தத்தில் கிடைக்கும் பங்குகள் உங்கள் பொருளின் உண்மையான வேதிக் கலவை ஆகிவிடாது. சாம்பலில் உள்ள பொட்டாசியம் வினையூக்கியாக இருந்து செல்லுலோஸ் சிகரத்தைத் தாழ்ந்த வெப்பநிலைக்கு இழுத்து, கரியையும் கூட்டும். சந்தேகம் இருந்தால் தூளில் ஒரு பகுதியை நீரில் நன்கு கழுவி உலர்த்தி மறுபடி ஓட்டுங்கள். சிகரம் வலப்பக்கம் நகர்ந்தால் உப்புகள் வேலை செய்திருக்கின்றன.

ஏழாம் படி: மறைத்து வைத்த வளைகோடு

நான்கு வேகங்களில் ஒன்றைப் பொருத்தத்தில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்திருங்கள். நான் 40 கெல்வினை ஒதுக்குவேன். மற்ற மூன்றை வைத்துக் கிடைத்த எண்களால் அந்த நான்காவதைக் கணித்து, அளந்ததன் மேல் வைத்துப் பாருங்கள். சிகரம் இரண்டு மூன்று டிகிரிக்குள், உயரம் ஐந்து சதவீதத்துக்குள் வந்தால் நான் அந்த மாதிரியை நம்புவேன். கணித்த சிகரம் இடப்பக்கமும் அளந்தது வலப்பக்கமும் நின்றால் வெப்பப் பின்தங்கலைச் சந்தேகிப்பேன். கிண்ணத்தில் பாதி அளவு தூள் போட்டு மறுபடி ஓட்டுவேன். முடிந்தால் 280 டிகிரியில் நிறுத்திவைத்த ஓட்டம் ஒன்றையும் கணித்துப் பாருங்கள். ஏறும் வெப்பநிலையில் கற்ற மாதிரிக்கு நிலையான வெப்பநிலை கடினமான பரீட்சை.

எழுதும்போது மாதிரியின் எடை, துகள் அளவு, வாயுவின் ஓட்டம், சூடாக்கும் வேகங்கள், மாற்றத்தின் எல்லைகள், ஆற்றலோடு சேர்த்து அதிர்வெண் காரணி, வினை மாதிரி எல்லாவற்றையும் கொடுங்கள். வெறும் கிளர்வு ஆற்றலை மட்டும் கொடுத்தால் அடுத்தவரால் ஒரு வளைகோட்டைக்கூட வரைய முடியாது.

இந்த எண்கள் எதுவரை செல்லும்

எடை இழப்பிலிருந்து வந்த மாதிரி, எடை எப்போது குறையும் என்பதைச் சொல்லும். வெளியேறியதில் எவ்வளவு தார், எவ்வளவு வாயு என்று சொல்லாது. அதற்கு மிலான் பாலிடெக்னிக்கில் ரான்சியின் குழு உருவாக்கியதுபோன்ற, விளைபொருள்களையும் சேர்த்து எழுதிய விரிவான வினைத் தொகுப்புகள் வேண்டும்.

துகளின் அளவும் ஒரு எல்லை. ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் சீமைக்கருவேலத்தை அடுக்கி மண் பூசிக் கரிமூட்டம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு கட்டையை எடுத்துக்கொள்வோம். மரத்தின் வெப்பப் பரவல் கெழு நொடிக்கு சுமார் 1.5 × 10⁻⁷ சதுர மீட்டர். ஆரத்தின் வர்க்கத்தை அதனால் வகுத்தால் ஏறத்தாழ 16,700 நொடி, நாலரை மணி நேரத்துக்கு மேல். அதாவது வெளியே உள்ள சூடு நடுத்தண்டை எட்டவே அவ்வளவு நேரம் பிடிக்கும். 350 டிகிரியை எட்டிய இடத்தில் செல்லுலோஸுக்குத் தேவை அரை நிமிடம். அங்கே வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பம் உள்ளே நுழையும் நேரம். கிளர்வு ஆற்றல் 236-ஆ 244-ஆ என்பதால் பெரிய வித்தியாசம் வராது. அதே கணக்கை 1 மில்லிமீட்டர் துகளுக்குப் போட்டால் ஒன்றரை நொடியைச் சற்றே தாண்டும். 350 டிகிரியில் அங்கே வினைவேகம்தான் ஆளும். அதே துகளை 500 டிகிரி மணல் படுகையில் போட்டால் வினைக்கு ஆயிரத்தில் மூன்று நொடி போதும் என்று நம் எண்கள் சொல்லும். ஆனால் துகள் அந்த 500-ஐ எட்டும் முன்பே சிதைந்து முடிந்திருக்கும். ஆகவே உங்கள் உலைக்கு இந்த இரண்டு நேரங்களையும் முதலில் ஒரு தாளில் எழுதி ஒப்பிடுங்கள். வெப்பத்தின் நேரம் பெரிதாக இருந்தால், வினைவேகச் சமன்பாட்டை வெப்பக் கடத்தல் சமன்பாட்டோடு சேர்த்துத் தீர்க்க வேண்டும், மரம் கரியாக மாறும்போது அதன் வெப்பக் கடத்துத்திறனும் மாறிக்கொண்டே வரும் என்பதையும் சேர்த்து.